டீசலில் தண்ணீர்: வண்டியில் பிடிப்பதா, டாங்கியிலேயே பிடிப்பதா?

மலேசியாவின் ஜோகூரில், லாபிஸ் பக்கம் டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் வொர்க்‌ஷாப்பில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, இன்னொரு ஃபில்டர் கூடுதலாப் போட்டுடலாமா?" வண்டி ஹைலக்ஸ், டி-மேக்ஸ், டிரைட்டன் எதுவானாலும் கேள்வி மாறுவதில்லை. பதில்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒருவர் இருக்கும் ஃபில்டருக்கு முன்னால் போடு என்பார், இன்னொருவர் பின்னால் போடு என்பார், மூன்றாமவர் ஒரு புட்டி மருந்து ஊற்றினால் போதும் என்பார்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த ஃபில்டர் என்று யோசிப்பதற்கு முன்னால், டீசல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். எண்ணெய் நிலையத்தில் மட்டும் ஊற்றுகிறவருக்கு வண்டியோடு வரும் கம்பெனி ஃபில்டரே போதும், ஒழுங்காகப் பராமரித்தால். தோட்டத்து டாங்கியிலிருந்தோ டிரம்மிலிருந்தோ ஊற்றுகிறவர் முதல் காசை அந்த டாங்கியில் போட வேண்டும். வண்டியில் கூடுதல் ஃபில்டர் என்பது அதற்கு அப்புறம்தான். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

பழைய ஹைலக்ஸில் வந்த 2எல், 5எல் இன்ஜின்களை ஓட்டியவர்களுக்குத் தெரியும். கொஞ்சம் தண்ணீர் போனாலும் அவை இருமிவிட்டு ஓடின. அவற்றில் டீசலைத் தெளிக்கும் அழுத்தம் சில நூறு பாருக்குள் இருந்தது (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). எல்லா நோசலுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் இன்றைய காமன் ரெயில் இன்ஜின்களில் அது 2,000 பாரைத் தாண்டும். அந்த அழுத்தத்தைத் தாங்க, டீசலைத் தெளிக்கும் நோசலுக்குள் இருக்கும் ஊசிக்கும் அதன் கூட்டுக்கும் இடையில் சில மைக்ரோன் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளிதான் விட்டிருப்பார்கள். மனிதத் தலைமுடி சுமார் 70 மைக்ரோன் தடிமன். நம் கண்ணுக்குத் தெரியும் அளவு தூசு அந்த இடைவெளிக்குள் நுழையவே முடியாது. கண்ணுக்குத் தெரியாத தூசுதான் உள்ளே போய் அறுக்கிறது.

தண்ணீரின் வேலை வேறு. காமன் ரெயில் பம்புக்கும் நோசலுக்கும் தனி எண்ணெய் கிடையாது, டீசல்தான் அவற்றுக்கு மசகு. அந்த இடத்தில் தண்ணீர் வந்தால் இரும்போடு இரும்பு உரசும். வண்டி நின்றபின் துரு பிடிக்கும். நோசல் முனைக்குப் போன தண்ணீர்த் துளி அங்குள்ள சூட்டில் சட்டென்று ஆவியாகி முனையையே சிதைக்கக்கூடும். இன்னொன்று, டீசலும் தண்ணீரும் சந்திக்கும் அந்த மெல்லிய எல்லையில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். டாங்கியின் அடியில் கறுப்பாக, கொழகொழவென்று ஒன்று வருமே, அது பெரும்பாலும் இவைதான். தண்ணீர் இல்லாவிட்டால் இவற்றுக்கு வாழ்வே இல்லை.

நம் நாட்டு டீசலைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 2021 ஏப்ரலிலிருந்து நிலையங்களில் யூரோ 5 டீசல். கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. அதற்கு முந்தைய யூரோ 2எம்-இல் 500 வரை அனுமதி இருந்தது. கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் வழவழப்பும் கொஞ்சம் போகும். ஆனால் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல், பி10 என்ற கலவை டீசலில் 10 விழுக்காடு வரை, அந்த வழவழப்பைத் திருப்பிக் கொடுக்கிறது. நம் தோட்டத்துப் பழம் நம் இன்ஜினுக்கே உதவுகிறது என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டு. ஆனால் அதே பயோடீசல் சாதாரண டீசலைவிடப் பல மடங்கு தண்ணீரைத் தனக்குள் கரைத்து வைத்துக்கொள்ளும். கரைந்த தண்ணீரை எந்த வண்டி ஃபில்டரும் பிடிக்காது. பகலில் சூடாக இருக்கும்போது கரைந்து கிடக்கும் தண்ணீர், இரவில் குளிர்ந்ததும் துளியாகப் பிரிந்து அடியில் தங்கும். காமன் ரெயில் வண்டிகளில் இன்ஜின் பயன்படுத்தாத டீசல் சூடாகி டாங்கிக்கே திரும்பி வருகிறது என்பதால், இந்தச் சூடும் குளிரும் தினமும் நடக்கிறது.

இனி நான் மிக முக்கியம் என்று நினைக்கும் விஷயம். தண்ணீர்த் துளி டீசலில் கீழே இறங்கும் வேகம் அதன் அளவின் வர்க்கத்தைப் பொறுத்தது. துளி பத்து மடங்கு சிறுத்தால் இறங்க நூறு மடங்கு நேரம் ஆகும். நம் ஊர்ச் சூட்டில் 100 மைக்ரோன் துளி ஒரு மீட்டர் இறங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம். 10 மைக்ரோன் துளிக்கு அதே ஒரு மீட்டருக்கு நான்கு நாள். இப்போது ஒரு பம்ப் டீசலை இழுத்து, கலக்கி, அடித்துத் தள்ளும்போது என்ன ஆகும்? பெரிய துளிகள் எல்லாம் நொறுங்கிச் சிறு துளிகள் ஆகிவிடும். பயோடீசல் கலந்திருந்தால் அவை மறுபடி ஒன்றுசேரவும் தயங்கும். ஆக, டீசல் அசையாமல் இருக்கும் இடத்தில், பம்புக்கு முன்னால், தண்ணீரைப் பிடிப்பது எளிது. ஒவ்வொரு பம்பையும் தாண்டத் தாண்ட அது கடினமாகிக்கொண்டே போகும். கீழே வரும் ஒவ்வொரு தேர்வையும் இந்த அளவுகோலில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

கம்பெனி ஃபில்டர்

பலர் நினைப்பதைவிட இது நல்ல பொருள். தூசைப் பிடிக்கும் காகிதம், அடியில் தண்ணீர் தங்கும் கிண்ணம், தண்ணீர் ஓரளவு சேர்ந்ததும் டேஷ்போர்டில் விளக்கைப் போடும் சென்சார், கீழே திறந்துவிட ஒரு திருகு, பல வண்டிகளில் மேலே கைப்பம்பும் உண்டு. பல பிக்கப்களில் டீசலை இழுக்கும் பம்ப் இன்ஜின் பக்கம் இருப்பதால், ஃபில்டர் பம்புக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. நல்ல இடம்தான்.

குறை எங்கே என்றால், கிண்ணம் சிறியது. விளக்கு எரியும்போது தண்ணீர் ஏற்கெனவே கணிசமாகச் சேர்ந்திருக்கும். மழைக்காலத்தில் ஒரே முறை நிறையத் தண்ணீர் வந்தால் அதற்கு இடமில்லை. ஆகவே விளக்குக்காகக் காத்திருக்காமல், சர்வீஸ் செய்யும்போதெல்லாம் அந்தத் திருகைத் திறந்து கொஞ்சம் இறக்கி, கண்ணாடிப் புட்டியில் பிடித்துப் பாருங்கள். காலையில், வண்டியைக் கிளப்புவதற்கு முன் செய்தால் நல்லது. இரவெல்லாம் அசையாமல் இருந்த தண்ணீர் அடியில் தெளிவாகப் பிரிந்திருக்கும். வந்ததை மண்ணில் ஊற்ற வேண்டாம், கழிவு எண்ணெயோடு சேர்த்துவிடுங்கள்.

மாற்றும் இடைவெளி கையேட்டில் வண்டிக்கு வண்டி வேறுபடும். எந்தக் கணக்கு இருந்தாலும், செம்மண் பாதையில் பழம் ஏற்றி ஓடும் வண்டிக்கு அதைப் பாதியாக்கிக்கொள்வதுதான் சரி என்பது என் முடிவு. ஒரு ஃபில்டரின் விலை ஒரு டேங்கி டீசலின் விலையைவிடக் குறைவு. நான்கு நோசலும் பம்பும் மாற்ற வேண்டி வந்தால் செலவு ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு (ரிங்கிட்) போகும்.

மலிவு ஃபில்டரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பெட்டியில் "5 மைக்ரோன்" என்று போட்டிருப்பது தனியாக எதையும் சொல்வதில்லை. அந்த அளவுத் தூசில் பாதியைப் பிடித்தாலும் 5 மைக்ரோன் என்று போடலாம், 99.5 விழுக்காட்டைப் பிடித்தாலும் அதையே போடலாம். தரமான கம்பெனிகள் இதை பீட்டா விகிதம் என்று தாளில் தருவார்கள். 5 மைக்ரோனுக்கு பீட்டா 2 என்றால் பாதி, பீட்டா 200 என்றால் 99.5 விழுக்காடு. அந்தத் தாள் இல்லாத, பெயர் தெரியாத ஃபில்டரைக் காமன் ரெயில் வண்டியில் போட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஒரிஜினல் இல்லையென்றால், பெயர் பெற்ற ஃபில்டர் கம்பெனியின் சமமான எண்ணை வாங்குங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். புது ஃபில்டரைப் போடும்போது அதற்குள் டீசலை ஊற்றி நிரப்பிப் பூட்டும் பழக்கம் பழைய வண்டிகளிலிருந்து வந்தது. நடுத்துளை வழியே ஊற்றினால், வடிகட்டாத டீசல் நேராகச் சுத்தமான பக்கத்துக்கே போய்விடும். காலியாகப் பூட்டி, கைப்பம்பு கெட்டியாகும்வரை அழுத்துவதே பாதுகாப்பு.

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று

கூடுதல் கிட் என்று கடையில் கிடைப்பவை இரண்டு வகை. கம்பெனி ஃபில்டருக்கு முன்னால் வருவது பெரும்பாலும் 30 மைக்ரோன், பெரிய கிண்ணம், தண்ணீர் சென்சார், உள்ளே ஓட்டுநர் காதில் விழும்படி ஒரு அலாரம். பின்னால் வருவது 2 அல்லது 5 மைக்ரோன், மெல்லிய தூசுக்கான கடைசிக் காவல்.

இரண்டில் ஒன்று என்றால் முன்னால் வருவதையே தேர்ந்தெடுப்பேன். துளிகள் இன்னும் பெரிதாக இருக்கும்போதே தண்ணீரைப் பிடிக்கிறது. 30 மைக்ரோன் என்பதால் சீக்கிரம் அடைக்காது, மெல்லிய தூசைக் கம்பெனி ஃபில்டர் பார்த்துக்கொள்ளும். பெரிய கிண்ணம் இருப்பதால் தண்ணீர் நிரம்ப நேரம் எடுக்கும், அலாரம் முன்கூட்டியே வரும். தோட்டத்துக்குள் பத்து, இருபது கிலோமீட்டர் தள்ளி, போன் கவரேஜ் இல்லாத இடத்தில் வேலை செய்கிறவருக்கு அந்த முன்னறிவிப்பு பெரிய விஷயம்.

ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. டீசல் உறிஞ்சப்படும் பக்கத்தில் நாம் புதிதாக இணைப்புகளைச் சேர்க்கிறோம். அங்கே கசிந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். காலையில் வண்டி கிளம்பச் சிரமப்படும், ஏற்றத்தில் இழுவை குறையும், கீழே ஒரு சொட்டு ஈரம்கூட இருக்காது. காரணம் தெரியாமல் பம்பையே மாற்றச் சொல்லும் ஆட்களிடம் மாட்டிக்கொள்ள இதுவே போதும். ஆகவே குழாய் அளவு சரியாக இருக்க வேண்டும், டீசலுக்கென்று செய்த ஹோஸ் வேண்டும், கிளிப் தரமாக இருக்க வேண்டும். பொருத்தியவுடன் ஃபில்டருக்குப் பின்னால் கொஞ்ச தூரம் தெளிவான குழாய் போட்டு, இன்ஜின் ஓடும்போது குமிழி வருகிறதா என்று பார்ப்பது நல்ல வொர்க்‌ஷாப்பின் அடையாளம். உத்தரவாதக் காலம் முடியாத வண்டி என்றால், பொருத்துவதற்கு முன் விற்பனை நிலையத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பின்னால் பம்ப் கெட்டால் அவர்கள் முதலில் கைகாட்டுவது இதைத்தான்.

பின்னால் வரும் மெல்லிய ஃபில்டர் தண்ணீருக்குப் பெரிய உதவி இல்லை. டீசல் அந்த இடத்துக்கு வரும்போது முன்னால் இருப்பவை தவறவிட்ட மிகச் சிறு துளிகள்தான் மிஞ்சியிருக்கும். கம்பெனி ஃபில்டர் தரமானதாக இருந்தால் அந்த வேலையில் பெரும்பகுதி ஏற்கெனவே முடிந்துவிட்டது. பூஞ்சை பிடித்த டாங்கி என்றால் 2 மைக்ரோன் ஃபில்டர் சில வாரங்களிலேயே அடைத்து நிற்கும். இதற்குப் பணம் போடுவதை நான் ஆதரிக்கவில்லை.

லோரிக்குக் கதை வேறு. இடம் இருக்கிறது, டீசல் ஓட்டம் அதிகம். ராக்கோர் போன்ற பெரிய பிரிப்பான்கள் இங்கேதான் பொருந்தும். அவற்றின் 500 வகை மணிக்கு 227 லிட்டர் வரை தாங்கும். உள்ளே போடும் காகிதத்தை 2, 10, 30 மைக்ரோன் என்று மாற்றிக்கொள்ளலாம். பழுப்பு, நீலம், சிவப்பு என்று நிறத்திலேயே தெரியும். கம்பெனி ஃபில்டருக்கு முன்னால் வைப்பதானால் சிவப்பு போதும். கண்ணாடிபோல் தெரியும் கிண்ணம் ஓட்டுநருக்குப் பெரிய வசதி. காலையில் டயரைப் பார்க்கும்போதே அதையும் பார்த்துவிடலாம்.

புட்டி மருந்து

இதில் இரண்டு எதிரெதிர் வகைகள் ஒரே அலமாரியில் நிற்கின்றன. ஒன்று தண்ணீரைத் துளியாகச் சேர்த்து அடியில் விழ வைக்கும். இன்னொன்று தண்ணீரைப் பொடிப்பொடியாக்கி டீசலோடு கலந்து எரித்துவிடுவதாகச் சொல்லும். இரண்டாவது வகையைக் காமன் ரெயில் வண்டிக்கு ஊற்றவே கூடாது. ஃபில்டர் பிடிக்கக்கூடிய துளியை, பிடிக்க முடியாத அளவுக்குச் சிறிதாக்கி நோசல் வரை நாமே அனுப்பி வைப்பது அது. லேபிளில் "தண்ணீரைக் கலக்கும்" என்று இருந்தால் கீழே வையுங்கள், "தண்ணீரைப் பிரிக்கும்" என்று இருந்தால் மேற்கொண்டு படியுங்கள். பூஞ்சைக்கொல்லி மருந்து நல்லதுதான், ஆனால் செத்த பூஞ்சை ஃபில்டருக்குத்தான் போய்ச் சேரும். டாங்கியைக் கழுவாமல் மருந்தை மட்டும் ஊற்றினால் கையில் இரண்டு மூன்று ஃபில்டர் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்.

தோட்டத்து டாங்கி

தோட்டத்தில் ஒரு 2,000 லிட்டர் டாங்கி இருக்கிறது என்று வையுங்கள். ஐரோப்பிய ஈஎன் 590 தரம் ஒரு கிலோ டீசலில் 200 மில்லிகிராம் வரை தண்ணீரை அனுமதிக்கிறது. முழு டாங்கிக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 330 மில்லிலிட்டர். எந்தத் தவறும் நடக்காமல், தரத்துக்கு உட்பட்ட டீசலிலேயே அவ்வளவு இருக்கலாம். அதன் மேல் மூடி வழியாக மழை, டாங்கிக்குள் காற்று போய்வரும் மூச்சுக்குழாய் வழியாக ஈரக்காற்று. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக அடியில் சேரும். அதை ஒரு பிக்கப்பின் சின்னக் கிண்ணம் சமாளிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

செய்ய வேண்டியவை எல்லாம் எளியவை. டாங்கியை வடிகுழாய்ப் பக்கம் கொஞ்சம் சாய்வாக வைக்க வேண்டும். டீசல் வெளியேறும் குழாய் அடியிலிருந்து சில அங்குலம் மேலே இருக்க வேண்டும். டாங்கியை நிழலில் வைத்தால் மூச்சு வாங்குவது குறையும், மூச்சுக்குழாயில் ஈரம் உறிஞ்சும் தொப்பி போட்டால் இன்னும் நல்லது. சப்ளை லோரி வந்து இறக்கிய அன்றே வண்டிக்கு ஊற்றாமல் ஒரு இரவு விட்டுவிடுங்கள். காலையில் வடிகுழாயைத் திறந்து தண்ணீரை இறக்கிவிட்டு, அளவுக்கோலின் நுனியில் தண்ணீர் கண்டுபிடிக்கும் பசையைத் தடவி இறக்கிப் பாருங்கள். தண்ணீர் பட்ட உயரம்வரை நிறம் மாறும். மலிவான பசை, ஒரு வருடத்துக்குப் போதும்.

வண்டிக்கு ஊற்றும் பம்பின் வாயில் தண்ணீர் உறிஞ்சும் வகை ஃபில்டரைப் பொருத்துவதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் மிகச் சிறந்த முதலீடு. உள்ளே இருக்கும் பொருள் தண்ணீரைக் குடித்து வீங்கி ஓட்டத்தையே அடைத்துவிடும். "பம்ப் மெதுவா வருது" என்று மண்டோர் வந்து சொன்னால், பம்பைத் திட்டாமல் டாங்கியின் அடியைப் பார்க்க வேண்டும். ஒரே ஃபில்டர் தோட்டத்தின் எல்லா வண்டிகளையும் டிராக்டரையும் ஜெனரேட்டரையும் சேர்த்தே காக்கிறது. உலக வாகன உற்பத்தியாளர்கள் எரிபொருள் சாசனத்தில் பரிந்துரைக்கும் சுத்தத்தின் குறியீடு 18/16/13. முதல் எண் மட்டும் சொல்கிறேன்: ஒரு மில்லிலிட்டரில் 4 மைக்ரோனும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 2,500-ஐத் தாண்டக்கூடாது. செம்மண் தூசு பறக்கும் இடத்தில் அந்த அளவு தானாக வந்துவிடாது.

டிரம் வைத்திருப்பவர்கள் அதை நிமிர்த்தி வெயிலில் மழையில் விடுவதை நிறுத்தினாலே பாதிப் பிரச்சனை தீரும். மேல்தட்டில் மழைநீர் தேங்கும். பகலில் சூடாகிக் காற்றை வெளியே விடும் டிரம், இரவில் குளிர்ந்ததும் மூடியின் இடுக்கு வழியாக அந்தத் தண்ணீரை உள்ளே இழுக்கும். படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் இடமும் வலமும் ஒரே மட்டத்தில், கடிகாரத்தின் 9-லும் 3-லும் வரும்படி வைத்தால் தண்ணீர் தேங்க இடமில்லை. ஊற்றும்போது தண்ணீரைத் தடுக்கும் வலை வைத்த புனல் உதவும். மெல்லிய தூசை அது பிடிக்காது என்பதை மறக்க வேண்டாம். டீசலைச் சேமிக்கக் கேபிடிஎன் (உள்நாட்டு வாணிப அமைச்சு) பெர்மிட் தேவை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் 2.15 வெள்ளியிலிருந்து 3.35-க்குப் போனது. அப்படி விலை ஏறும்போது மலிவு டீசல் தருகிறேன் என்று யாராவது வந்தால் கை போகத்தான் செய்யும். வேண்டாம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அது எந்த டிரம்மில் எத்தனை மாதம் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. பெயர் தெரியாத டீசலைத் தாங்கும் ஃபில்டர் எந்தக் கம்பெனியிடமும் கிடையாது.

ஆக, யாருக்கு எது?

லாபிஸ் டவுனில் நிலையத்தில் மட்டும் ஊற்றி, பள்ளிக்கும் வேலைக்கும் ஓட்டுகிறவர்: கம்பெனி ஃபில்டர், கையேட்டு இடைவெளியில் மாற்றம், சர்வீஸ்தோறும் வடிப்பு. டேங்கர் லோரி இறக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஊற்றாதீர்கள், நிலத்தடி டாங்கியின் அடியில் இருப்பதெல்லாம் அப்போது கலங்கியிருக்கும். கூடுதல் கிட் வாங்க நினைத்த காசை வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தமாகப் பத்து ஏக்கர் செம்பனை, ஒன்றிரண்டு டிரம், ஒரு பிக்கப் என்று இருப்பவர்: முதலில் டிரம்மைப் படுக்க வையுங்கள், புனலும் பசையும் வாங்குங்கள். காசு மிஞ்சினால் முன்னால் வரும் 30 மைக்ரோன் கிட், அலாரத்தோடு. பெரிய டாங்கியும் பல வண்டிகளும் வைத்திருப்பவர் பம்ப் வாயில் உறிஞ்சும் ஃபில்டரைப் போட்டபின்தான் வண்டிகளைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஜோகூரில் வெள்ளம் வந்த காலத்தை நினைத்தால் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. 2023 மார்ச்சில் சிகாமட்டிலும் லாபிஸிலும் தண்ணீர் ஏறியதைப் பார்த்திருப்பீர்கள். டாங்கியின் மூச்சுக்குழாய் அளவுக்கு மேல் தண்ணீரில் நின்ற வண்டியைச் சாவி போட்டுப் பார்க்காதீர்கள். டாங்கியை இறக்கிக் கழுவி, ஃபில்டரை மாற்றி, குழாய்களைச் சுத்தமான டீசலால் அலசியபின்தான் இன்ஜினைச் சுற்ற வேண்டும். வெள்ளம் ஏறிய பகுதியில் இருக்கும் நிலையம் திறந்த முதல் நாளில் முழு டேங்கியும் அடிக்க வேண்டாம். பத்து லிட்டர் ஊற்றி, மறுநாள் காலை ஃபில்டர் திருகைத் திறந்து புட்டியில் பிடித்துப் பார்த்து, தெளிவாக இருந்தால் போய் நிரப்புங்கள்.